இசைத்தட்டைத் துடைக்கும் முன் ஒரு நிமிடம்



போன வாரம் அக்கா வீட்டு இசைத்தட்டுகளைப் படம் எடுத்து இங்கே போட்டிருந்தேன். அதன் கீழே வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், எங்க வீட்டுப் பரண்லயும் அப்பா வாங்கின ரெக்கார்டு கிடக்கு. தூசியும் பூஞ்சையுமா இருக்கு. வீட்ல இருக்கிற பொருளை வச்சே சுத்தம் பண்ணலாமா?" தனித்தனியாகப் பதில் தட்ட என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். அதற்கென்று விலை கூடிய மருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் துணியைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் லேபிளைப் படியுங்கள். அந்தத் தட்டு எதனால் ஆனது என்று தெரிந்த பிறகுதான் எதைக் கொண்டு துடைப்பது என்ற பேச்சே வரும்.

நம் வீடுகளில் கிடப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு ஒன்று. 33⅓ சுற்று எல்.பி.யும் 45 சுற்று சின்னத் தட்டும் இன்னொன்று. பின்னது வினைல், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். முன்னது அரக்கு.

ஆமாம், அரக்குதான். மரக்கிளையில் அரக்குப் பூச்சி கூடு கட்டுமே, அதிலிருந்து எடுப்பது. இன்றைய ஜார்கண்ட் காடுகளில் நிறைய விளைகிறது. அந்த அரக்கோடு கல்மாவும் கரித்தூளும் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டாக்கினார்கள். 1908-லேயே கல்கத்தாவின் சியால்தாவில் இதற்கு ஆலை வந்துவிட்டது. பிறகு வந்த டம் டம் ஆலையின் தட்டுகள்தான் நம் ஊர் வீடுகளில் அதிகம்.

வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட ஆசாரி வந்தால் என்ன செய்வார் என்று பார்த்திருப்பீர்கள். செதில் செதிலாக இருக்கும் அவலரக்கை ஒரு பாட்டிலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, இரவெல்லாம் ஊற வைப்பார். காலையில் அரக்கு முழுவதும் கரைந்து தேன் நிறத்தில் நிற்கும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? அரக்கை ஸ்பிரிட் கரைக்கும். 78 தட்டையும் அதே ஸ்பிரிட் கரைக்கும்.

"எங்க தாத்தா அறுபதுகள்ல வாங்கினது, அதனால வினைலாத்தான் இருக்கும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படி முடிவு கட்ட முடியாது. அமெரிக்காவில் எல்.பி. 1948-ல் வந்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் வெகு காலம் புழக்கத்தில் இருந்ததால், அறுபதுகளிலும் 78 தட்டு வந்துகொண்டே இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளே இங்கே 78 தட்டாக வெளிவந்திருக்கின்றன. ஆகவே ஆண்டை வைத்துப் பார்க்காதீர்கள். லேபிளில் 78 என்று இருந்தாலோ, தட்டு கனமாக, கெட்டியாக, ஓட்டுச் சில்லு மாதிரி இருந்தாலோ, அது அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். வினைல் வளையும், அரக்கு உடைந்துவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

திருச்சி பொன்மலையில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 83. இடது காது கேட்பதில்லை. வலது காதில் மெஷின். அதிலும் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் சேர்த்த 61 தட்டுகளும் அன்றிலிருந்து பரணில்தான். அம்மாவுக்குக் காது கேட்கும்போதே அதையெல்லாம் ஒரு தடவை போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று என் மருமகனுக்கு ஆசை. பொங்கல் லீவில் வந்தவன், ஏணி போட்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டான்.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் ஒரு கேன் வீட்டில் மிச்சம் இருந்திருக்கிறது. கிருமிக்கும் பூஞ்சைக்கும் இதைவிட வேறென்ன வேண்டும் என்று பஞ்சில் தோய்த்துத் துடைக்கத் தொடங்கியிருக்கிறான். அதில் பெரும்பங்கு ஆல்கஹால். எடுத்த முதல் தட்டு, 1944-ல் வந்த ஹரிதாஸ் படத்தில் தியாகராஜ பாகவதர் பாடியது. அத்தானின் அப்பா வாங்கியது.

எனக்கு வீடியோவில் கூப்பிட்டான். "மாமா, துடைக்கத் துடைக்கக் கறுப்பா வந்துக்கிட்டே இருக்கு. எவ்வளவு அழுக்கு பாருங்க!"

பஞ்சு மையில் தோய்த்த மாதிரி இருந்தது. வீட்டு அழுக்கு அந்த நிறத்தில் வராது. சாம்பலாக, பழுப்பாகத்தான் வரும். "நிறுத்துடா, அது அழுக்கு இல்லை, ரெக்கார்டு" என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதுக்காரன், சின்னப் பிள்ளை மாதிரி "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான். நீயே சொல்லிவிடு, அதுதான் நல்லது என்றேன்.

மறுநாள் காலை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினேன். நான் போவதற்குள் அவன் சொல்லிவிட்டிருந்தான். தட்டின் ஒரு பக்கம் பளபளப்பு போய், ஈரச் சாம்பல் பூசியது போல் மங்கிக் கிடந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கம்தானே போச்சு. மறுபக்கம் இருக்குல்ல. உங்க அத்தானும் இந்தப் பக்கத்தைத்தான் அதிகம் போடுவாரு." உண்மைதானா, மகனுக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று நாள் நானும் அவனும் உட்கார்ந்து மீதி அறுபதையும் சுத்தம் செய்தோம். எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் காய்ந்த பிறகு தட்டின் பள்ளத்திலும் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் தண்ணீர் என்று தெளிவாகக் கேளுங்கள், பேட்டரி ஆசிட்டை எடுத்துத் தந்துவிடப் போகிறார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். நுரை பொங்க வேண்டியதில்லை. சோப்பு எண்ணெய்ப் பசையைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்து வரும், அதன் வேலை அவ்வளவுதான். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும். வெந்நீர் பட்டால் வினைல் நெளிந்துவிடும்.

பூஞ்சை இருந்தால் மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் வைத்து, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் முதலில் உலர்ந்ததைத் தட்டிவிடுங்கள். பிறகு லேபிளைக் காப்பாற்ற வேண்டும். அது வெறும் காகிதம். நாங்கள் டிபன் பாக்ஸ் மூடியை லேபிள் மேல் கவிழ்த்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டோம்.

துடைக்க, தையல்காரரிடம் கேட்டால் வெல்வெட் துண்டு கிடைக்கும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியும் நல்லது. பழைய வேட்டி நூல் விடும். துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். அந்தப் பள்ளம் எவ்வளவு நீளம் தெரியுமா? இருபது நிமிடம் ஓடும் எல்.பி. பக்கம் ஏறக்குறைய 667 சுற்று. ஒரு சுற்றுக்குச் சராசரி 66 செ.மீ. பெருக்கிப் பாருங்கள், 440 மீட்டர் வருகிறது. 400 மீட்டர் ஓட்டப் பாதையை ஒரு முறை சுற்றி வந்து இன்னும் கொஞ்சம் ஓடும் தூரம். அதன் அகலமோ தலைமுடி அளவு கூட இராது. அங்கே போய் உட்கார்ந்த தூசியை அழுத்தித் தேய்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். அதனால் கை லேசாக இருக்கட்டும், ஈரம் தன் வேலையைச் செய்யட்டும்.

அடுத்து, வேறொரு துணியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரை நனைத்து இரண்டு தடவை துடையுங்கள். சோப்பு மிஞ்சினால் காய்ந்து, ஊசியில் அப்பும். பிறகு சமையலறைத் தட்டு ஸ்டாண்டில், சாப்பாட்டுத் தட்டை அடுக்குவது போல் நிற்க வைத்து, நிழலில் அரை நாள் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளியும். காய்ந்ததைப் பழைய உறைக்குள் நேராகத் திணிக்காமல், புதிய காகித உறை போட்டு வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தியே வைக்க வேண்டும்.

78 தட்டுக்கும் இதே தண்ணீர்தான். ஆனால் ஊறவே விடக்கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் ஒத்தித் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். அதில் கேட்கும் கரகர சத்தம் முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்மாவு கலந்த தட்டு, கொஞ்சம் கரகரக்கத்தான் செய்யும்.

கூடாதவை: ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், மண்ணெண்ணெய், பெட்ரோல். கண்ணாடி துடைக்கும் திரவம், துணி சோப்புத்தூள், சலவை சோடா ஆகியவையும் வேண்டாம். அரக்கு காரத்திலும் கரையும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். வினைலை உலர்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தாலும் நிலைமின்சாரம் உண்டாகித் தூசியை இழுக்கும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைப் பிடித்து விளையாடினீர்களே, அதே கதைதான்.

வெள்ளைப் பசையைத் தட்டில் பூசி, காய்ந்ததும் உரிக்கும் வீடியோவை ஒருவர் அனுப்பியிருந்தார். வினைலில் அது உரிந்து வருவது உண்மை. ஆனால் மெல்லிசாகப் பூசிய இடம் கிழிந்து பள்ளத்திலேயே தங்கிவிடும். அரக்குத் தட்டில் அந்த வித்தையே வேண்டாம்.

போட்டுக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். 78-இன் பள்ளம் அகலம், அதற்குத் தடித்த முனை உள்ள ஊசி வேண்டும். எல்.பி.க்கு நுண்ணிய ஊசி. சாவி கொடுக்கும் கிராமபோனின் இரும்பு ஊசியை எல்.பி. மேல் வைத்தால் ஒரே தடவையில் உழுதுவிடும்.

உறைகளை மட்டும் துடைக்காதீர்கள். அத்தான் ஒவ்வொரு உறையின் மூலையிலும் மைப் பேனாவில் தேதியும், பணம் வந்த வழியும் எழுதியிருக்கிறார். எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. உறையில் "12-4-69, ஓவர்டைம்" என்று இருந்தது. மருமகன் சத்தமாகப் படித்துக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டார். "அந்த ஓவர்டைம்ல எனக்குப் புடவை எடுத்துத் தர்றேன்னு சொன்ன மனுஷன்!" ஈரத்துணி பட்டிருந்தால் அந்த மை கரைந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய புடவைக் கணக்கும் போயிருக்கும்.

முதலில் எதைப் போடலாம் என்று அக்காவிடம் கேட்டோம். ராஜரத்தினம் பிள்ளை தோடி என்றார். நாதஸ்வரம் கனத்த சத்தம், கேட்கும் என்ற நம்பிக்கை. மெஷின் வழியாக இரைச்சல்தான் அதிகம் வருகிறது என்று அதைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வலது காதை ஸ்பீக்கர் ஓரமாகக் கொண்டுபோனார். ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடம் சொச்சம்தான். முடிந்ததும் "திருப்பிப் போடு" என்றார். அன்று மாலைக்குள் நான்கு தடவை போட்டோம்.

ஆகவே நீங்கள் தொடங்கும்போது, யாருக்கும் வேண்டாத தட்டு ஒன்றில் முதலில் கை பழகுங்கள். கை பழகியதும் வீட்டில் மூத்தவர்களிடம் எது வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் சுத்தம் செய்து போட்டுக் காட்டுங்கள். மொத்தத்தையும் முடித்துவிட்டுப் போடலாம் என்று தள்ளி வைக்காதீர்கள். அரக்கா வினைலா என்று சந்தேகம் வந்தால் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போன் செய்வதானால் மாலை நாலு மணிக்கு மேல் செய்யுங்கள், மதியம் தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்