முன்திகதி போட்ட கப்டன்



நான் இருக்கும் சென்ட் காலன் நகரில் ப்ரூல் கழகத்தின் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பவுல் குரூனிங்கர் என்று பெயர். 1915இல் கழகம் சுவிஸ் சம்பியனானபோது அணியில் ஆடியவர் அவர். ஆனால் பெயர் வைத்தது பந்துக்காக அல்ல.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்கியதும், வியன்னா யூதர்கள் பழைய ரைன் ஆற்றைத் தாண்டி டீபோல்ட்சவ் பக்கமாக வரத் தொடங்கினார்கள். ஓகஸ்டில், விசா இல்லாதவர்களை உள்ளே விடவேண்டாம் என்று சுவிஸ் அரசு உத்தரவு போட்டது. குரூனிங்கர் அப்போது இந்த மாநிலப் பொலிசின் கப்டன். வந்தவர்களைத் திருப்பாமல், உத்தரவுக்கு முன்பே வந்ததாகத் தாள்களில் திகதி போட்டார். பல நூறு பேர் தப்பினார்கள். மூவாயிரத்துக்கு மேல் என்போரும் உண்டு. வந்துசேர்ந்த திகதிக்கு என்ன பெறுமதி என்று, இங்கே அகதி விண்ணப்பம் எழுதிய எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1939இல் குரூனிங்கரின் வேலை போனது. ஓய்வூதியமும் கூடவே போனது. 1940 கடைசியில் 300 பிராங்க் அபராதம். 1972இல் ஏழையாகவே செத்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 1995இல்.

இப்போது அவரை மேடைதோறும் புகழ்கிறார்கள். புகழட்டும். எனக்கு உறுத்துவது, அதே மேடையில் ஹைன்ரிஷ் ரோட்முண்டின் பெயர் வராததுதான். வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் பொலிசின் தலைவர் அவர். 1938 செப்டெம்பரில் பெர்லினில் பேசி முடித்த உடன்பாட்டின் பிறகுதான் ஜேர்மன் யூதரின் கடவுச்சீட்டில் ‘ஜே’ என்ற சிவப்பு எழுத்து ஏறியது. எல்லையில் யாரை மறிப்பது என்ற குழப்பம் தீர்ந்தது! 1942 ஓகஸ்டில், இனத்துக்காக மட்டும் ஓடிவருபவர் அரசியல் அகதி அல்ல என்று கதவை இன்னும் இறுக்கினார்கள். யூதர்கள் கொல்லப்படும் செய்தி பெர்னில் இருந்த அரசுக்குத் தெரியாமல் அல்ல. அதே மாதம் அமைச்சர் ஸ்டைகர் நாட்டை நெரிசலான உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். உள்ளே விட்ட யூதர்களின் செலவையும் பெருமளவு உள்ளூர் யூத சமூகத்தின் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

போர்க்காலத்தில் ஏறத்தாழ 21,000 யூதர்களை ஏற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டோர் 20,000க்கு மேல் என்றது, அந்தக் காலத்தைப் பின்னாளில் ஆராய்ந்த பெர்ஜியே ஆணைக்குழு. அவர்களில் யூதர் எத்தனை பேர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ரோட்முண்ட் 1954இல் ஓய்வு பெற்றார். அவர்மேல் வழக்கு எதுவும் வரவில்லை.