கைநாட்டைத் தின்ற ஆடு

காவல் துறையில் பணியாற்றிய பெண்மணி என்றதும், கள்வரைத் துரத்திப் பிடித்த வீரக் கதைகளைத் தமிழ்த்துறையினர் என்னிடம் எதிர்பார்த்திருக்கக் கூடும். உண்மையைச் சொல்வதானால், முப்பதாண்டுப் பணியில் என்னைத் துரத்திய நாய்களே மிகுதி. என் காவலில் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்ட உயிரோ ஓர் ஆடு.

தமிழ்நாட்டுக் காவல் துறையில் மகளிர் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1973-இல். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர் என 22 பேரே அன்றைய மகளிர் படை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு நான் பணியில் சேர்ந்தேன்.

மதரஸாவில் ஓதிக்கொடுத்த என் அத்தாவுக்கு இதில் விருப்பமில்லை. பயிற்சி முடிந்து வந்தவள், பாரா, பந்தோபஸ்து, ஆஜர், ஜாமீன், கைதி, நகல் என்று புதிதாகக் கற்ற சொற்களை அடுக்கினேன். அத்தா சற்று நேரம் யோசித்தார். "எல்லாம் அரபியும் பார்சியுமால்ல இருக்கு! நம்ம வார்த்தைங்க முன்னாடியே வேலைக்குப் போயிடுச்சு, நீயும் போ" என்றார். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. அச்சொற்களால்தான் எனக்கு உத்தரவு கிடைத்தது.

நாங்கள் குடியிருந்தது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதி நகர் என்பது அதன் முழுப்பெயர். வடசென்னையில் நான் பணியேற்ற நிலையத்தில் என் முதல் அறிக்கையில் அவ்வாறே எழுதினேன். அதைப் படித்த நிலைய எழுத்தர், "இது யாரு லிமிட்டும்மா?" என்று கேட்டார். தெருவிலோ எனக்கு வேறு பதவி. உண்ண மறுக்கும் பிள்ளைகளையெல்லாம் தாய்மார் என் வாசலுக்குத் தூக்கி வருவர். காக்கிச் சட்டையைக் காட்டி நான் ஊட்டிய சோற்றுக்குக் கணக்கே இல்லை.

இனி ஆட்டுக்கு வருவோம். பக்ரீதுக்குச் சில நாள்கள் இருக்கையில் ஓர் ஆட்டுக்கு இருவர் உரிமை கோரினர். ஒருவர் வயது முதிர்ந்த கைம்பெண். மற்றவர் ஆட்டு வியாபாரி. ஆட்டை நிலைய முற்றத்து வேம்பில் கட்டி, என்னைப் பாரா நிறுத்தினார்கள். மூதாட்டியின் புகாரை எழுதி, கைநாட்டு வாங்கி, மை உலரட்டும் என்று திண்ணையில் வைத்தார் எழுத்தர். கயிற்றின் நீளத்தை அவர் கணிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது தாளின் கீழ்ப்பகுதி ஆட்டின் வாயில் இருந்தது. எழுதிய வரிகளை விட்டுவிட்டுக் கைநாட்டை மட்டும் அது தின்றிருந்தது.

"என் கை வாசம் தெரிஞ்சு தின்னுச்சு பாரு! அது என் ஆடுதான்!" என்று மூதாட்டி கூவினார். வியாபாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீயே ஓட்டிக்கினு போ ஆயா" என்று ஒதுங்கினார்.

எதிர் வீட்டுச் சகோதரிக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். அவர் கணவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர். மாலையில் சர்க்கரை வாங்க டம்ளரோடு வருவார். "அந்த ஆட்டுக் கதையைச் சொல்லுங்கக்கா" என்பார். நானும் சொல்வேன், ஒவ்வொரு முறையும் ஆடு கூடுதலாக ஒரு தாளைத் தின்னும். முந்தானையால் வாய் பொத்திச் சிரிப்பார். ஒரு நாள் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "குழாயடியில வழுக்கிட்டேன்க்கா" என்றார். சில வாரம் கழித்து நெற்றியில் காயம். அதற்கும் குழாயடியே காரணம். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தே பல நாள்களாகி, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் கிடந்த காலம் அது. அந்த வரிசையில் என் குடமும் இருந்தது. குற்றம் கண்டறியச் சம்பளம் வாங்கிய நான், அதை அறிந்திருந்தும், ஆட்டின் கதையையே தொடர்ந்தேன்.

ஒரு மாலை கதை முடிந்தும் அவர் சிரிக்கவில்லை.

"அந்த ஆயாவுக்கு எழுதத் தெரியாதில்லக்கா? கைநாட்டு வெச்சாலே எடுத்துப்பாங்களா?"

நான் வேடிக்கையாகச் சொல்லிவந்ததை அவர் இத்தனை நாளும் சட்டப் பாடமாகக் கேட்டிருக்கிறார். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். சீருடையின்றி அவருடன் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்றேன். அவர் சொல்லச் சொல்ல மனு எழுதப்பட்டது. உரக்கப் படித்தும் காட்டினார்கள். மையில் தோய்த்த பெருவிரலைத் தாளில் பதித்துவிட்டு, அவர் சன்னல் வழியே முற்றத்தை எட்டிப் பார்த்தார்.

"இங்க ஆடு எதனாச்சும் கட்டி வெச்சிருக்காங்களாக்கா?"

அங்கிருந்த பெண் காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் மனு ரசீதை வாங்க மறந்து, பேருந்து நிறுத்தம்வரை வந்து திரும்பினோம்.