ஒரு ரிங்கும் நீல டிக்கும்

காதலிப்பவர்களைப் போன் பிரிக்கிறது என்கிறார்கள். குறிஞ்சிப்பாடியில் இருந்துகொண்டு கேட்டால் அதில் பாதிதான் உண்மை என்று படுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தும் முகம் பார்க்காமல் திரையைத் தேய்க்கும் ஜோடிகளைப் பற்றிய கவலை அது. இங்கே பக்கத்தில் உட்காரவே இடம் ஏது? கைத்தறிக் கைலிக்குப் பேர்போன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் நின்று இரண்டு வார்த்தை பேசினால், அவள் போய்ச் சேருமுன் சேதி வீட்டுக்குப் போய்விடும். கடலூர் சில்வர் பீச்சுக்கோ பிச்சாவரத்துக்கோ போனாலும் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும். இங்கே காதலிக்கும் பிள்ளைகளுக்குப் பேசிக்கொள்ளக் கிடைத்த தனி அறை போன்தான்.

2003 மே மாதம் இன்கமிங் இலவசமானபின் மிஸ்டு கால் ஒரு பாஷையாகவே வளர்ந்தது. ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் ‘வீடு வந்துட்டேன்’. இரண்டு என்றால் ‘நீ கூப்பிடு’. காசில்லாதவர்கள் கண்டுபிடித்த அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை நிறைய இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சண்டை போட்டதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர், இங்கே மனைவி குழந்தைக்குச் சோறூட்டுவதை வீடியோவில் பார்த்தார். இதையெல்லாம் கேடு என்று நான் சொல்லமாட்டேன்.

கேடு கண்காணிப்பில் இருக்கிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது. ‘பார்த்துட்டு ஏன் பதில் போடல?’ என்பது அன்று முளைத்த கேள்வி. ‘ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கூட?’ என்பது அடுத்தது. பிறகு பாஸ்வேர்டு. கேட்பவர் பெரும்பாலும் ஆண், கொடுப்பவள் பெண்.

மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் கோர்ட்டில் கொடுத்த வழக்கு ஒன்று உண்டு. அதை ஆதாரமாக ஏற்க முடியாது, மனைவிக்கும் அந்தரங்கம் உண்டு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தார். பஞ்சாபிலிருந்து போன வேறொரு வழக்கில், மனைவியுடன் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அது சாட்சியாகும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டாலே அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது அதன் வாதங்களில் ஒன்று. உடைந்த வீட்டுக்கு அது பொருந்தலாம். வேவு பார்ப்பதாலேயே உடைகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் மனம் மதுரைத் தீர்ப்பின் பக்கமே நிற்கிறது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கேட்டாரென்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். இப்போது தினமும் சாயங்காலம் போனிலிருந்து சேதிகளை அழிக்கிறாள். அழிப்பதில் பெரும்பாலானவை மாமியார் வீட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்ன மனக்குறைகள்.