கெம்பே கௌடர் யாருடைய ஆள்?

சென்ற வாரம் அத்திபெலேயில் ஒசூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, என் ஆய்வைப் பற்றி அறிந்த பெரியவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டிக் கேட்டார்: "பெங்களூரக் கட்டுன கெம்பே கௌடா காஞ்சிபுரத்துக்காரராமே? அப்ப நம்ம ஆளுதானே தம்பி?"

காஞ்சிக் கதை இணையத்தில் பிறந்ததன்று. லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியரிலேயே உள்ளது. காஞ்சிப் பக்கத்துச் செல்வாக்கன் ஒருவன் பெண் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத ரணபைரே கௌடர் சுற்றத்தாரோடு இரவில் வண்டி பூட்டிப் புறப்படுகிறார். வெள்ளம் பெருகிய பாலாறு பிளந்து வழிவிடுகிறது. நந்திமலைக்குக் கிழக்கே தங்கி, ஆவதியில் குடியேறுகிறார்கள். அக்குடியில் வந்த ஜய கௌடர் எலகங்காவுக்குப் பெயர்ந்து விஜயநகரத்துக்கு அடங்கிய தலைவரானார். அவர் வழியினரே 1537இல் பெங்களூர்க் கோட்டையை எழுப்பிய முதலாம் கெம்பே கௌடர்.

முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் இதை ஓர் இடப்பெயர்வுச் சான்றாகவே குறித்துவைத்திருந்தேன். பிறகு கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை மறுபடி படித்தேன். அதிலும் பெண் கேட்கும் அதிகாரம், இரவோடிரவாக வெளியேற்றம், குறுக்கே ஓர் ஆறு. அங்கே கரைமரம் வளைந்துகொடுக்கிறது. தெற்கு நோக்கி வந்த கம்மவாரின் நினைவும் மேற்கு நோக்கிப் போன மொரசு ஒக்கலிகரின் நினைவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தால், அந்த அச்சைக் கொண்டு ஊரையும் ஆண்டையும் நிறுவ முடியாது. அன்றிரவே அந்தக் குறிப்பை அடித்தேன்.

இங்கிலாந்தில் 1066இல் வில்லியமுடன் வந்து இறங்கியவரே தம் முன்னோர் என்று பல பிரபுக் குடும்பங்கள் உரிமை கொண்டாடின. ஹொரேஸ் ரவுண்ட் அவற்றைச் சாசனங்களோடு ஒப்பிட்டுப் பலவற்றின் பொய்மையை வெளிப்படுத்தினார். அறிந்தவரிடமிருந்து அறியாதவரை நோக்கிப் பின்னோக்கி நடப்பதே அவர் முறை. அப்படி நடந்தால் எலகங்கா வரை ஓரளவு வந்துவிடலாம். ஆவதிக்கு அப்பால் எனக்குக் கிடைத்தவை கதைகளே. சமகாலச் சான்று ஒன்றையும் நான் கண்டதில்லை.

"இந்தப் பக்கமெல்லாம் தமிழ்க் கல்வெட்டு உண்டே" என்பார்கள். உண்டு. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலேயே ஹொய்சளர் காலத்தவை இருக்கின்றன. ஆனால் கல்லில் வெட்டிய மொழியை வீட்டில் பேசிய மொழியாகக் கொள்வது நம் துறையில் இன்னும் ஒழியாத பிழை. மொரசு ஒக்கலிகரிலேயே கன்னடம் பேசுவோரும் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு. காவிரிப் பூசல் முற்றும் ஆண்டுகளில் பேருந்துகள் நின்றுபோய், மூட்டையும் குழந்தையுமாக மக்கள் ஜூஜுவாடிக்கு நடக்கும் இவ்வெல்லையில், "நம்ம ஆளு" என்ற சொல்லை அடிக்குறிப்பில்கூட எழுத எனக்குத் தயக்கம்.

பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. பிளந்த ஆற்றையும் வளைந்த மரத்தையும் மட்டும் சொன்னேன்.

"எங்க அவ்வாவும் இதே கதைய சொல்லும்" என்றார். "அதுல மரந்தான் வளையும். எங்க வீட்ல தெலுங்கு தம்பி."

அதற்குள் பேருந்து வந்துவிட்டது.