அத்தைக்கு வயது போதவில்லை

வயது குறைவாக இருக்கிறதே என்று ஒரு பெண்மணி வருத்தப்பட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது 2022-ஆம் வருஷம் ஜனவரியில்தான். அவர் என் அத்தை. தூத்துக்குடியில், பனிமய மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. அப்போது அவருக்கு வயது 54.

"இன்னும் ஆறு வயசு கூட இருந்தா மூணாவது ஊசி போட்டுருப்பாவளாம், ஏட்டி! வயசை நான் எந்தக் கடையிலே போய் வாங்க?" என்று டெலிபோனில் கேட்டார்.

அத்தைக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதை உடம்பு அந்நியன் என்று விரட்டாதிருக்க, டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் என்று வாயில் நுழையாத பெயருள்ள மாத்திரைகளைத் தினம் விழுங்க வேண்டும். வீட்டுக் காவல்காரனுக்கு நாமே தூக்க மருந்து கொடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு அது. தடுப்பூசியோ, அதே காவல்காரனிடம் திருடனின் படத்தைக் காட்டி, "முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லும் காரியம். தூங்கி வழிகிறவனுக்கு இரண்டு தடவை காட்டினால் போதுமா?

போதாது என்று பிரான்சில் துலூஸ் நகரத்து மருத்துவர்கள் 2021-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். உறுப்பு மாற்றிக்கொண்ட 101 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஊசிக்குப் பிறகு 40 சதவீதம் பேர் உடம்பில்தான் எதிர்ப்பொருள் இருந்தது. மூன்றாவதுக்குப் பின் அது 68 சதவீதம் ஆயிற்று. (அவர்கள் போட்டது ஃபைசர், அத்தை போட்டுக்கொண்டது கோவிஷீல்டு.) மூன்று போட்டும் மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் இத்தகையவர்களுக்கு, இரண்டாவது ஊசிக்கு 28 நாள் கழித்து இன்னொன்று போடலாம் என்று அனுமதித்தார்கள். அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கூடுதல் தவணை வேண்டும் என்றது. நமக்கெல்லாம் மூன்றாவது ஊசி சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாயசம். அத்தை போன்றவர்களுக்கோ அதுதான் இலையில் விழும் சோறு.

நம் நாட்டில் 2022 ஜனவரி 10-ஆம் தேதி 'முன்னெச்சரிக்கைத் தவணை' வந்தது. மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயதுக்காரர்கள் ஆகியோருக்கு மட்டும். அதுவும் இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். அத்தைக்கு நோய் இருந்தது, வயது இல்லை. வெளியே ஒமிக்ரான் அலை வேறு.

அத்தை சும்மா இருக்கிறவர் அல்ல. "டயாலிசிஸ்லே கிடந்தப்போ மஞ்சள்காமாலை ஊசி எனக்கு மட்டும் ரெட்டை அளவுலே நாலு தடவை போட்டாவளே! அப்ப தெரிஞ்ச கணக்கு இப்ப மறந்து போச்சாக்கும்?" என்றார். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி அப்படித்தான் போடுகிறார்கள். பத்திரிகைக்காரி என்று பெயர் வைத்திருக்கும் எனக்கு அவருக்குச் சொல்ல ஒரு பதிலும் அகப்படவில்லை.

காத்திருந்த மாதங்களில் அவர் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. மாமா, இரண்டு பிள்ளைகள், மருமகள் எல்லோரும் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். அத்தைக்கு அவர்களே அரண். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று போனது 1961-இல். அந்தக் காலத்தில் முங்குகிறவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பானாம். தங்கையின் தாலி அதில் இருக்கிறதல்லவா? அத்தை வீட்டில் கயிறு மருமகள் கையில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு, முகக்கவசத்துடன் எட்டி நின்றே பேசுவாள். மாமியாரும் மருமகளும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம் என்பது மாமாவின் கட்சி!

ஏப்ரல் 10-ஆம் தேதி 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தனியார் மருத்துவமனைகளில் வழி திறந்தது. மருந்து 225 ரூபாய். போடுகிற கூலி 150-க்கு மேற்படக்கூடாது. ஜூலை 15 முதல் 75 நாளுக்கு அரசு மையங்களில் இலவசமாகவே போட்டார்கள். அத்தை அதுவரை பொறுக்கவில்லை. ஏப்ரலிலேயே, சிறுநீரக டாக்டரைக் கேட்டுக்கொண்டு, போட்டுவிட்டு வந்தார். கேட்டுக்கொண்டு என்பதை வாசக சகோதரிகள் கவனிக்க வேண்டும். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்கிற தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஆகா.

ஜூலை 26-ஆம் தேதி மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அத்தை போனார். கூட்டத்துக்குள் போகவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்து நிழலில் நின்று பார்த்துவிட்டு, வழியில் மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.