மௌண்ட் வெர்னன் மனையின் பாகப்பிரிவினை

ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அதன் திருமணக் கொண்டாட்டத்தைக் காண்பதினும் அதன் பாகப்பத்திரத்தைப் படித்தல் நன்று. நம் இல்லங்களின் பழம் பெட்டிகளில் உறங்கும் பத்திரங்களை எடுத்துப் பார்ப்போமாயின், நஞ்சை இவ்வளவு, புஞ்சை இவ்வளவு, கிணற்றில் இத்தனை பங்கு, மாவடை மரவடை என வரிசையாக எழுதி, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி முடித்திருத்தலைக் காணலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வறுமையுறலாகாது என்னும் பெற்றோர் கவலை முழுவதும் அத்தொடரில் அடங்கியுள்ளது. அத்தகைய பத்திரத்தில் பிறனொருவனுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பொருளாக எழுதப்படின் என்னாகும்? அமெரிக்க தேசத்து வர்ஜீனியா நாட்டில், பெயர்பெற்ற ஒரு வேளாண்மைக் குடும்பத்தின் வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை கண்டோம். அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இளமையில் நாம் கற்ற வாசக புத்தகத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் செரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மை உரைத்த கதை இருந்தது. அது வீம்ஸ் என்னும் போதகர் 1806-இல் தம் நூலிற் சேர்த்த கதை என்பர் ஆராய்ச்சியாளர். ஆனால் அத்தந்தை மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து கட்டுக்கதையன்று. 1743-இல் அகஸ்டின் வாஷிங்டன் இறந்தபோது, 11 வயதுச் சிறுவனாகிய ஜார்ஜுக்குப் பிதிரார்ஜிதமாகப் பண்ணை நிலமும் 10 அடிமைகளும் வந்தன. பம்பரம் சுற்றும் பருவத்தில் அவர் பத்து மனிதருக்கு எஜமானராயினார்.

இதற்கு இடமளித்த சட்டங்கள் இரண்டினை நாம் அறிதல் வேண்டும். 1662-இல் வர்ஜீனியா சட்டசபையார், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று விதித்தனர். தந்தை சுதந்திரனாயினும் தாய் அடிமையாயின் குழந்தை அடிமையே. 1705-இல் வேறொரு சட்டத்தால், வாரிசு உரிமையின் பொருட்டு அடிமைகளை ஸ்தாவர சொத்தென வகுத்தனர். ஸ்தாவரம் என்பது நிலமும் வீடும் போல நிலைபெயராது நிற்பது. ஜங்கமம் என்பது பெயர்ந்து செல்வது. இரு கால்களால் நடந்து, ஏர் பிடித்து, தாலாட்டுப் பாடும் மனிதனை ஸ்தாவரம் என்று எழுதிய பேனாவை என்னென்பது! பண்ணை சிதறாமல் ஒரு கையினின்று மறுகைக்குச் செல்லவேண்டும் என்பதே அவர் கருத்து. எஜமானன் குடும்பம் சிதறாதிருக்கக் கண்ட வழி அது. உழைப்பவன் குடும்பத்தைப்பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.

1757-இல் டானியல் பார்க் கஸ்டிஸ் என்னும் பெருஞ்செல்வர் உயில் எழுதாமல் இறந்தார். சட்டப்படி அவர் சொத்தில் மூன்றிலொரு பங்கு கைம்பெண்ணாகிய மார்த்தா அம்மையாருக்கு ஆயுள்வரை அனுபவிக்கக் கிடைத்தது. அதனை விற்கவோ தானம் செய்யவோ அவருக்கு உரிமையில்லை; அவருக்குப்பின் அது கஸ்டிஸ் வாரிசுகளையே சேரவேண்டும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குமுன் இந்துக் கைம்பெண்கள் பெற்றிருந்த அனுபோக பாத்தியத்தை இது பெரிதும் ஒத்தது. இப்பங்கில் 80-க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். 1759-இல் அம்மையார் வாஷிங்டனை மணந்தபோது, அவர்கள் பொடோமாக் ஆற்றங்கரையிலுள்ள மௌண்ட் வெர்னன் பண்ணைக்கு வந்தனர். அன்று முதல் அப்பண்ணையில் இருவகை அடிமைகள் இருந்தனர்: வாஷிங்டனுக்குச் சொந்தமானோர், கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தோர். ஒரே வயலில் உழுது, ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவரையொருவர் மணந்து மக்களைப் பெற்ற அவர்களைக் கணக்குப் புத்தகம் மாத்திரம் இரு கூறாகப் பிரித்து வைத்தது.

நாற்பது ஆண்டுகள் சென்றன. ஏறக்குறைய 8,000 ஏக்கர் பரப்பில் ஐந்து பண்ணைகளாக விரிந்த அந்நிலத்தில் 1799-இல் இருந்த அடிமைகள் 317 பேர். அவருள் 123 பேர் வாஷிங்டனுடையோர். 153 பேர் கஸ்டிஸ் சொத்து. ஏனையோர் அயலாரிடம் வாடகைக்குப் பெறப்பட்டோர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வாஷிங்டன் தம் உயிலை எழுதினார். நெடுங்காலம் தமக்கு ஊழியம் புரிந்த வில்லியம் லீ என்பாருக்கு உடனடி விடுதலையும், ஆண்டுதோறும் 30 டாலரும் அளித்தார். தமக்குரிய மற்றையோர் தம் மனைவியார் காலத்துக்குப்பின் விடுதலை அடைவர் என்றும், முதியோருக்கு உணவும் உடையும் கொடுக்கவேண்டும் என்றும், பெற்றோரற்ற சிறுவருக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கவேண்டும் என்றும் விதித்தார்.

இதனை முதன்முறை படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்தது மதிப்பே. இரண்டாம் முறை படித்தபோது, விடுதலையை ஏன் தள்ளிவைத்தார் என்பதற்கு அவர் கூறும் காரணத்தில் நம் கண் நின்றது. தம் அடிமைகள் கஸ்டிஸ் அடிமைகளோடு மணத்தாற் கலந்துவிட்டனர். இவரை மட்டும் விடுவித்தால் பிரிவுத் துயரம் மிகும். அவரை விடுவிக்கவோ தமக்கு அதிகாரமில்லை என்கிறார். ஆனால் கால தாமதம் அம்முடிச்சை அவிழ்க்கவில்லை. ஐசக் என்னும் தச்சர் வாஷிங்டனுடையவர். அவர் மனைவி கிட்டி, பால்பண்ணையில் வேலை செய்தவர், கஸ்டிஸ் சொத்து. அவர்தம் பெண்மக்கள் பலரும் தாயின் நிலையையே அடைந்தனர். உயிலின்படி விடுதலை பெற்றவர் தந்தை ஒருவரே. தம் விடுதலையில் ஓர் இம்மியும் அவர் தம் மக்களுக்குக் கொடுத்துச் செல்ல இயலவில்லை.

1799 டிசம்பரில் வாஷிங்டன் காலமானார். அப்போது நூற்றுக்கு மேற்பட்டோரின் விடுதலை ஒரு மூதாட்டியின் மரணத்தையே எதிர்நோக்கி நின்றது. இந்நிலையில் மார்த்தா அம்மையார் தம் உயிருக்கு அஞ்சினார் என்பதை, அவரைக் கண்டு சென்ற அபிகெயில் ஆடம்ஸ் அம்மையார் தம் கடிதத்தில் குறித்துள்ளார். 1801 ஜனவரி முதல் நாள் தம் கணவரின் அடிமைகளை அவர் முன்னதாகவே விடுவித்தார். 1802 மே மாதத்தில் அவரும் காலமாகவே, கஸ்டிஸ் அடிமைகள் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பங்கிடப்பட்டனர். பேரர் நால்வரும் பாட்டியின் சொத்தைப் பெற்ற அதே பிரிவினையில், எத்தனையோ பாட்டிமார் தம் பேரரை இழந்தனர். அம்மையாருக்கு முழுப் பாத்தியமாக இருந்தவர் எலிஷ் என்னும் ஒருவரே. அவரை விடுவிக்க அம்மையாருக்குத் தடை யாதுமில்லை. எனினும் தம் பேரனுக்கே எழுதிவைத்தார். சட்டத்தின் கட்டு ஒருபுறம். கட்டில்லாத இடத்தும் பழக்கம் கையைப் பற்றி நடத்துதல் மறுபுறம்.

இப்பிரிவினைக்குக் காத்திராத பெண்மணி ஒருவரும் உண்டு. ஓனா ஜட்ஜ் என்னும் பணிப்பெண் கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர். தம்மை மார்த்தா அம்மையாரின் பேத்திக்குக் கொடுக்கப்போகின்றனர் என அறிந்து, 1796-இல் பிலடெல்பியா நகரினின்று தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தார். அங்கே சுதந்திர மாலுமி ஒருவரை மணந்து மக்களைப் பெற்றார். வறுமையில் உழன்றும், வந்ததற்கு வருந்தியதில்லை என முதுமையில் தம்மைக் காண வந்தோரிடம் கூறினார். ஆயினும் 1848-இல் இறக்குமளவும் சட்டத்தின் ஏட்டில் அவர் கஸ்டிஸ் குடும்பத்தின் பொருளே. அவர் வயிற்றிற் பிறந்தோரும் அவ்வாறே.

அப்பங்கின் கதை அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. பேரரில் ஒருவரான ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் 1857-இல் இறந்தபோது, தம் அடிமைகளை ஐந்தாண்டுகளுக்குள் விடுவிக்குமாறு எழுதினார். அதே உயிலில் பேத்திமாருக்கு ஆளுக்குப் பதினாயிரம் டாலர் கொடுக்கவும் எழுதினார். உயிலை நிறைவேற்றிய மருமகனார் ராபர்ட் லீ, கடனும் சீதனமும் தீரும்பொருட்டு அவர்களிடம் வேலை வாங்கி, 1862 டிசம்பரிலேதான் விடுதலைப் பத்திரம் எழுதினார்.

இவற்றை எழுதுவது அயல் நாட்டாரைப் பழித்து நம்மைப் பாராட்டிக்கொள்ளுதற்கன்று. மார்த்தா அம்மையார் விடுதலை அளித்த அக்காலத்திலேயே, 1800, 1801 ஆண்டுகளில், மலையாளக் கரையிற் பயணஞ்செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே அடிமைகள் ஜன்மம், காணம், பாட்டம் என மூவகையாகக் கைமாறியதைக் குறித்துள்ளார். நிலத்துக்கு வழங்கும் சொற்களே மனிதருக்கும் வழங்கின.

இந்நிலையில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இந்திய தேசத்தில் வந்தது. அடிமை என்னும் பாத்தியத்தை எந்த நியாயஸ்தலமும் செல்லுபடியாக்கலாகாது என்றது அது. அதன் மூன்றாம் பிரிவே நம் உள்ளத்தை ஈர்க்கின்றது: ஒருவன் தன் உழைப்பாலோ, வாரிசு முறையாலோ, உயிலாலோ பெற்ற பொருளை, அவனோ அதனை அவனுக்கு அளித்தவனோ அடிமையாயிருந்தான் என்னும் காரணத்தால் பறித்தலாகாது. அடிமைத்தனத்தின் அடிவேரை அறிந்தவரே இவ்வாறு எழுதியிருத்தல் கூடும். ஒரு மனிதனைப் பிறன் சொத்தாக்குதல் அவ்வேரின் ஒரு கிளை. தன் சொத்தைத் தன் மகனுக்கு விட்டுச்செல்லும் உரிமையை அவனிடமிருந்து பறித்தல் மற்றொரு கிளை.

நம் கல்லூரி மாணவருள், தம் குலத்தில் முதன்முதலாகச் சிறு நிலத்தையோ வீட்டையோ பத்திரத்திற் பதிவு செய்து வாரிசுக்கு விடுத்த பாட்டனாரைப் பெற்றோர் பலர் இருப்பர். அவர்தம் பெட்டியிலுள்ள ஒற்றைத் தாள், பெருஞ்செல்வர் இல்லத்துப் பத்திரக் கட்டுகளினும் குறைந்ததன்று. நூற்றாண்டுகளாகப் பிறர் பாகப்பத்திரத்தில் பொருளாக எழுதப்பட்ட பெயர், அத்தாளிலேதான் முதன்முறையாக உரிமையாளன் கையொப்பமாக நிற்கின்றது. அதனை மடித்து வைப்போர் மதித்து வைப்பாராக.