கணக்கில் எழுதாத பெயர்கள்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை என்பது பெரும்பாலும் ஒரு ரயில் பயணத்தின் பெயர். பள்ளியின் கடைசி மணி அடித்த மறுநாளே பெட்டி படுக்கையும் தண்ணீர்க் கூஜாவும் புளியோதரைப் பொட்டலமுமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும் வீடுகள் உண்டு. புறப்பட இயலாத வீடுகளும் உண்டு. தந்தைக்கு விடுப்புக் கிடைக்காது; கிடைத்தாலும் ஐந்து பேருக்கு டிக்கெட் வாங்கப் பணம் இராது; அல்லது ஊரில் போய்த் தங்குவதற்கு வீடே இராது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள், தில்லியின் மே மாத அனற்காற்றுக்கு அஞ்சி, அரசுக் குடியிருப்புகளின் மாடிப்படி நிழலில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் ஒரு கோடை உண்டு என்று காட்டியவர்கள் சிலர். அவர்கள் உறவினர் அல்லர். பெரும்பாலோர் தமிழரும் அல்லர். சாரணர் கோடை முகாமின் பணியாளர்கள். அவர்களைப் பற்றியும், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிச் சென்றதைப் பற்றியும் இம்மலரில் எழுதிவைப்பது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

சாரணர் முகாம் என்பதன் பிறப்பிலேயே ஒரு கட்டணக் கணக்கு இருக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையோரம் பிரௌன்சீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முதல் முகாமை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலர் வந்தார்கள். பூல், போர்ன்மவுத் நகரங்களின் எளிய குடும்பங்களிலிருந்து சிலர் வந்தார்கள். முன்னவருக்குக் கட்டணம் ஒரு பவுன். பின்னவருக்கு மூன்றரை ஷில்லிங். முகாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 24 பவுனுக்குச் சற்று மேல் துண்டு விழுந்ததாம். தம் மைந்தர் இருவரை அனுப்பியிருந்த தந்தை ஒருவர் அதனை ஈடுசெய்தார்.

நம் நாட்டில் 1909-இல் பெங்களூரில் கால்கொண்ட இவ்வியக்கம், தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கென 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் தனி அமைப்புக் கண்டார்கள். 1918-இல் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் அலகாபாத்தில் சேவா சமிதியின் சார்பில் மற்றோர் அமைப்பை உருவாக்கினார்கள். பிரிந்து நின்றவை 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட, அடுத்த ஆண்டு சாரணியரும் அதில் இணைந்தனர். இவ்வியக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலைமேல் உள்ள பச்மரியில் இருக்கிறது. எங்கள் பள்ளிச் சாரண ஆசிரியரின் முயற்சியால், 1991 முதல் 1994 வரை நான்கு கோடைகள், பத்துப் பத்து நாள்கள், நாங்கள் அந்தப் பச்மரியில் முகாமிட்டோம்.

இரவு முழுதும் ரயில்; இட்டார்சியில் இறங்கி வேறு ரயில்; பிப்பரியா நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் பேருந்து. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அவ்விடத்தில் இறங்கியதும் சால மரக் காட்டிலிருந்து வந்த காற்று, தில்லியில் நாங்கள் அறியாத ஒன்று. எட்டுப் பேர் கொண்ட நான்கு அணிகள். ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு, பெண்பிள்ளைகளுக்கு இரண்டு. விசில் ஒலித்தால் எழுவது; கூடாரத்தைத் துப்புரவாக்குவது; கொடியேற்றம்; கயிற்று முடிச்சுகள்; முதலுதவி; மலையேற்றம்; இரவில் பாசறைத்தீ. இவற்றை நடத்த எங்களுக்கு வாய்த்த பணியாளர் ஐவரே.

முகாம் தலைவர் நாகபுரியைச் சேர்ந்த மராத்தியர், உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர். கழுத்தில் தோல்நாடாவில் கோத்த மரமணிகள் அணிந்திருப்பார். 1919-இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் தொடங்கிய சாரண ஆசிரியர் பயிற்சியில் தேறியோர்க்கு அளிக்கப்படுவது அம்மணி. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை எங்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இருந்தது. ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை.

கயிறு கற்பித்தவரை 'முடிச்சு மாஸ்டர்' என்றே அழைத்தோம். கிணற்றில் வீழ்ந்தவனைத் தூக்க, இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சைக் கண்ணைக் கட்டிக்கொண்டு போடும்படி செய்வார். தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களில் சிறியவர்களுக்கு அவர் பேசிய இந்தி பாதி விளங்காது. ஆயினும் கைகள் கற்றுக்கொண்டன. சாரணியர்க்குப் பொறுப்பேற்றவர் ஜபல்பூரில் செவிலியராயிருந்த அம்மையார், எல்லோருக்கும் 'தீதி'. மலையேறி வந்ததும் முப்பத்திரண்டு பேர் பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கொப்புளம் கண்ட இடத்தில் மருந்திட்ட பின்னரே அவர் உண்பார். சமையற்காரரை வடக்கத்திய வழக்கப்படி 'மகராஜ்' என்போம். பருப்பும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சமைத்தே பழகிய அந்த முதியவர், எங்கள் முகவாட்டம் கண்டு, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். சீரகமும் பெருங்காயமும் தூக்கலான அந்த ரசம் எங்கள் அன்னையர் வைத்தது போல் இராது. ஆனாலும் மூன்று கை வாங்கிக் குடித்தோம்.

ரசம் கற்பித்தவர் ஐந்தாமவர். எங்கள் 'ஸ்டோர் மாமா'. விழுப்புரம் பக்கத்திலிருந்து இளமையில் ரயில்வே வேலைக்கு வந்து, இட்டார்சியிலேயே நிலைத்துவிட்டவர். ஆண்டுதோறும் தம் விடுப்பைச் சேர்த்துவைத்து, கோடையில் முகாமின் பண்டகப் பொறுப்பை ஏற்பார். கம்பளி வாங்கினால் கையொப்பம். அரிக்கேன் விளக்கைச் சாம்பல் போட்டுத் துடைத்துத் திருப்பாவிட்டால் மறுநாள் விளக்கில்லை. தீக்குச்சி கூட அவரிடம் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். வீட்டு நினைவில் அழும் பிள்ளைக்கு அவர் ஆறுதல் சொல்லமாட்டார். கூடார முளைகள் கிடக்கும் சாக்கைக் கவிழ்த்து, "இருநூறு இருக்கணும், எண்ணிச் சொல்லு" என்பார். எண்ணினால் நூற்றுத்தொண்ணூற்றொன்பது வரும். மறுபடி எண்ணினாலும் அதுவே. மூன்றாம் முறை எண்ணி முடிப்பதற்குள் சாப்பாட்டு விசில் ஊதிவிடும், அழுகையும் மறந்துபோகும்.

பின்னர் எங்கள் சாரண ஆசிரியர் ஓய்வுபெற்றார், முகாமும் நின்றது. நாங்கள் தேர்வு எழுதி, வேலையில் அமர்ந்து, மணம் முடித்து, மாற்றலாகிப் பல நகரங்களுக்குச் சென்றோம். கைபேசி எங்களை மீண்டும் ஒரு குழுவாக்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது: அந்த ஐவரின் பெயர்களும் எங்களில் யாருக்கும் தெரியாது. தீதி, மகராஜ், மாஸ்டர், மாமா என்று அழைத்தோமேயன்றிப் பெயர் கேட்டோமில்லை. சிறுவர் பெரியோரிடம் பெயர் கேட்பதும் அந்நாளில் வழக்கமில்லை. சான்றிதழில் இருந்த கையொப்பமோ படிக்க இயலாதது. கடைசியில் ஒரு தோழியின் பழைய ஆட்டோகிராஃப் நோட்டில், "நன்றாகப் படி. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஸ்டோர் மாமா, இட்டார்சி" என்று தமிழில் எழுதிய இரண்டு வரி கிடைத்தது. அலுவல் நிமித்தம் அவ்வழியே பயணம் செய்த நண்பர் ஒருவர் இட்டார்சியில் இறங்கி, ரயில்வே குடியிருப்பில் கோடைதோறும் சாரணர் முகாமுக்குப் போன தமிழர் யாரென்று விசாரித்தார். மூன்றாவது வீட்டிலேயே வழி சொல்லிவிட்டார்கள்.

2023 டிசம்பரில் ஒன்பது பேர் சென்றோம். எண்பது வயதைக் கடந்த மாமா, திண்ணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே காத்திருந்தாராம். நரை கண்டுவிட்ட எங்களை, "வாங்கடா, வாம்மா" என்றுதான் அழைத்தார். ஒவ்வொருவராக முகத்தை உற்றுப்பார்த்து, பெயர் சொல்லாமல், "நீ கம்பளியைக் கிழிச்சவன், நீ ரசத்துக்கு மூணு தரம் வரிசையில நின்னவ" என்று அடையாளம் சொன்னார். அவர் வாயிலாகவே மற்றவர்களைப் பற்றி அறிந்தோம். முகாம் தலைவர் 2008-இல் காலமாகிவிட்டார். மகராஜ் அதற்கும் முன்பே. முடிச்சு மாஸ்டர் போபாலில் மகள் வீட்டில் இருக்கிறார். தீதி ஜபல்பூரிலேயே இருக்கிறார். அன்று மாலையே தொலைபேசியில் பேசினோம். முதல் கேள்வியாக, கால் கொப்புளம் ஆறிவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார். முளைக் கணக்கு எப்போதும் ஒன்று குறைந்தது ஏன் என்று மாமாவிடம் கேட்டோம். "ஒண்ணு என் சட்டைப்பையில இருக்கும்" என்றார்.

பிறகு உள்ளே சென்று, துணியில் சுற்றிய நாலைந்து நோட்டுகளைக் கொணர்ந்தார். முகாமின் முறையான கணக்கை அவ்வப்போதே உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டாராம். இவை அவர் கைப்பட வைத்திருந்த கச்சாக் கணக்கு. கோப்பும் பேரேடுமாகவே நாள் கழிக்கும் எங்களில் சிலருக்குக் கணக்கு என்றால் கண் தானே ஓடும். கோதுமை மாவு, துவரம்பருப்பு, மண்ணெண்ணெய், மகராஜின் கூலி 400 ரூபாய் என்று படித்துக்கொண்டே வந்தோம். 1993-ஆம் ஆண்டின் வரவுப் பக்கத்தில் பார்வை நின்றது. முகாம் கட்டணம் தலைக்கு 120 ரூபாய். "27 பேர்: 3,240" என்றிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், "மீதி 5 பேர்: தலைவர் 120, தீதி 120, மகராஜ் 120, சொந்தம் 240."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. முகாமுக்கு வந்தவர் முப்பத்திரண்டு பேர் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஐவர் வந்தது இவர்கள் கொடுத்த பணத்தில். பத்து நாள் அடுப்படியில் நின்று 400 ரூபாய் ஈட்டிய முதியவர், அதில் 120 ரூபாயைத் தாம் பெயர் அறியாத ஒரு பிள்ளைக்காகத் திருப்பித் தந்திருக்கிறார். அந்த ஐவர் யார் என்பது மட்டும் நோட்டில் இல்லை. பிற ஆண்டு நோட்டுகளையும் புரட்டினோம். நான்கு, ஆறு, ஐந்து என்று எண்ணிக்கை மாறியதே தவிர, பெயர் எங்கும் எழுதப்படவில்லை. கம்பளிக்குக் கையொப்பம் வாங்கியவர், தீக்குச்சியை எண்ணிக் கொடுத்தவர், இதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார். யார் அந்தப் பிள்ளைகள் என்று கேட்டோம். "அதெல்லாம் எதுக்குடா இப்போ? எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றார். இரண்டாம் முறை கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

தில்லி திரும்பியதும் அவரவர் பெற்றோரிடம் விசாரித்தோம். கட்டியதாக நினைவு என்றார் சிலர். பள்ளியில் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னவரும் உண்டு. விசாரிக்கப் பெற்றோர் இல்லாதவரும் எங்களில் உண்டு. வீட்டில் எல்லாம் குறைவின்றி இருந்ததாக இத்தனை காலம் நம்பியிருந்த ஒருவர், தந்தையின் பழைய நாட்குறிப்பைப் புரட்டி அந்த மே மாதத்துப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "கட்டியதாகத் தெரியவில்லை, கட்டவில்லை என்றும் தெரியவில்லை" என்று குழுவுக்கு எழுதினார். அன்றிலிருந்து எங்களில் ஒவ்வொருவரும், அந்த ஐவரில் தாமும் ஒருவராக இருக்கக்கூடும் என்றே எண்ணிக்கொள்கிறோம்.

இட்டார்சியிலிருந்து நாங்கள் பிப்பரியாவுக்கும் போயிருந்தோம். மகராஜின் மகன் அங்கே நிலையத்துக்கு அருகில் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். தந்தை கோடைதோறும் மலைமேல் சமைக்கப் போவார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நோட்டில் கண்டதை இந்தியில் எடுத்துச் சொன்னோம். அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் தம் வீட்டிலும் வறுமைதான் என்று மட்டும் சொன்னார். ஒன்பது பேர் குடித்த தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சாரணர் இடக்கையால் கைகுலுக்குவர் என்பது பலரும் அறிந்த வழக்கம். விடைபெறும்போது மாமாவிடம் அவ்வாறே கை நீட்டினோம். அவர் கை நடுங்கியது; பிடி தளரவில்லை. சென்ற ஆண்டு தீதியையும் முடிச்சு மாஸ்டரையும் நேரில் கண்டு வந்தோம். மாஸ்டருக்கு எங்களை நினைவில்லை. நாங்கள் போட்டுக் காட்டிய போலைன் முடிச்சில் ஒரு பிழையைக் கண்டு உடனே திருத்தினார்.

2024 முதல் எங்கள் குழு ஒரு பள்ளியின் சாரண சாரணியர் அணியில், முகாம் கட்டணம் செலுத்த இயலாத ஐந்து பிள்ளைகளின் தொகையை ஆண்டுதோறும் செலுத்திவருகிறது. அவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அப்பள்ளிச் சாரண ஆசிரியரிடம் சொல்லிவிட்டோம். மாமாவிடம் இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

புனே நகரில் 1966 முதல் இயங்கிவரும் உலகச் சாரணியர் மையத்துக்குச் 'சங்கம்' என்பதே பெயர். ஒன்றுகூடுதல் என்னும் அப்பொருளில்தான் இம்மலரை வெளியிடும் நம் சங்கமும் நிற்கிறது. இதைப் படிப்போரில் ஏதேனும் ஒரு கோடையில், ஏதேனும் ஒரு மலையில், கூடாரத்தில் உறங்கியவர் இருக்கக்கூடும். உங்களுக்குச் சோறு வடித்தவர், கொப்புளத்துக்கு மருந்திட்டவர், கம்பளி எண்ணிக் கொடுத்தவர் எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கலாம். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பெயர் தெரியாவிட்டாலும், ஒரு பழைய நோட்டும் ரயில் டிக்கெட்டும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மகராஜைக் காண எங்களால் இயலாமற்போயிற்று. உங்கள் மகராஜ் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.